ஒரு பாத்தியைக் களைக்கு விட்டுக்கொடுத்தேன்

தக்காளி நாற்று மொத்தமும் வேரழுகலில் போன பாத்தி அது. மண்ணைக் கிளறி வெயிலில் காயவிட்டு அடுத்த விதைப்புக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். நடுவில் இரண்டு மழை பெய்தது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் நான் ஒன்றுமே விதைக்காத மண்ணில் விரல் வைக்க இடமில்லாமல் பச்சை. வழக்கமாக அந்த நேரத்தில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு அம்மா கூட இருந்தார். குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளினார், தண்டை ஒடித்துப் பார்த்தார், "இதையா பிடுங்கிப் போடுறே? பருப்புக்கீரைடா இது" என்றார். உடனே அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த இன்னொன்றைக் காட்டி, "இது அது இல்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

அவர் கைக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் செய்ததை, தவறியதை, இப்போது சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கிறேன். களையைத் தின்னலாம் என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எந்தக் களை, அதை எப்படி நிச்சயம் செய்துகொண்டீர்கள் என்று கேட்டால்தான் பேச்சு குறைந்துவிடுகிறது. அந்த நிச்சயம்தான் இதில் பெரிய வேலை, சமையல் அரை மணி நேரம்தான்.

முதலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தை நான்கு குச்சி நட்டு நூல் கட்டிப் பிரித்தேன். அதற்குள் களைக்கொத்து போகாது. ஒரே மாதிரி தெரிந்த முளைகளுக்கு ஒரே எண் கொடுத்து, ஐஸ்கிரீம் குச்சியில் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் குத்தினேன் (பேனா மை முதல் மழைக்கே கரைந்துவிட்டது, பென்சில் எழுத்து கடைசிவரை நின்றது). பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒன்று, ஒரு நோட்டு, பழைய செய்தித்தாள் கொஞ்சம், வேறு செலவில்லை. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு செடியை முளையிலேயே எடுத்தேன், இன்னொன்றை நாலைந்து இலை விட்டபோது, மூன்றாவதைப் பூத்த பிறகு. மூன்றையும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, தாளை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றி, உலர்த்தி ஒட்டினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். செடி பூக்கும்போது அது முளையில் எப்படி இருந்தது என்று நமக்குச் சுத்தமாக நினைவிருக்காது, ஆனால் கீரையாகப் பறிக்கும்போது நம் கையில் இருப்பது பூக்காத செடிதான்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான். முளைத்ததிலிருந்து விதை விடும்வரை ஒரு முழுச் சுற்று கூடவே இருந்து பார்க்காத செடி வாய்க்குப் போகாது. பதினான்கு எண்களில் தொடங்கியவன் இரண்டாம் மாதம் பதினொன்றுக்கு வந்துவிட்டேன், ஏனென்றால் நான் வேறு வேறு என்று நினைத்த மூன்று ஜோடிகள் ஒரே செடியின் நிழல் பக்கத்துப் பிள்ளையும் வெயில் பக்கத்துப் பிள்ளையுமாக இருந்தன. ஒரே செடி நிழலில் இலை அகன்று வெளிர்ந்தும், வெயிலில் சிறுத்துச் சிவந்தும் நிற்கும். ஒரு படத்தை மட்டும் பார்த்து அடையாளம் சொல்வது ஏன் சறுக்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. தொலைபேசியில் செடியை அடையாளம் காட்டும் செயலி ஒன்றையும் முயன்றேன். ஒரே முளைக்கு மூன்று நாளில் மூன்று பெயர் சொன்னது, அதே செடி பூத்ததும் ஒரே தடவையில் சரியாகச் சொன்னது. அதனால் அது தரும் பெயரைத் தேடலுக்கான ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தாவரவியல் விளக்கத்தில் இலை அடுக்கு, காம்பு, பூ, காய் எல்லாம் ஒவ்வொன்றாக ஒத்துவருகிறதா என்று பார்ப்பேன். ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தப் பெயர் தள்ளுபடி.

முதலில் உறுதியானது குப்பைக்கீரை, எண் 2. தாவரவியல் பெயர் அமராந்தஸ் விரிடிஸ். தண்டங்கீரை, அரைக்கீரை எல்லாம் சேர்ந்த அதே பேரினம், அதனால் முகம் பழகியதுதான். முளையில் இரண்டு வித்திலைகளும் ஒடுங்கி நீண்டிருக்கும், அடிப்புறம் லேசாகச் சிவந்திருக்கும். வளர்ந்த இலையின் நுனியில் ஒரு சின்ன வெட்டு, யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல. இலை ஓரத்தில் பல் கிடையாது, காம்பு நீளம், தண்டில் கோடு கோடாக வரிப்பள்ளம். உச்சியில் பச்சை நிறத்தில் மெல்லிய கதிர் வரும், அதைத் தேய்த்தால் உள்ளே மினுமினுப்பான கரிய விதை.

இதற்கு ஒரு அடி தூரத்திலேயே எண் 5 நின்றது. குப்பைமேனி. பெயரில் பாதி ஒன்று, முளைக்கும் இடமும் ஒன்று, சின்னதில் இலை வடிவமும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்த பிறகு எனக்குக் குழப்பம் போய்விட்டது. குப்பைமேனி இலையின் ஓரம் முழுக்க ரம்பப்பல், நுனியில் வெட்டு இல்லை, கூர்மை. மேலிருந்து பார்த்தால் ஒரு இலை இன்னொன்றின் மேல் நிழல் விழாதபடி காம்புகளை நீட்டியும் குறுக்கியும் பாய் பின்னினதுபோல அடுக்கிக்கொண்டிருக்கும். பூக்கும்போது சந்தேகமே வேண்டாம், பெண் பூக்களைச் சுற்றிப் பல் வைத்த சின்னக் கிண்ணம்போல ஒரு பச்சை உறை. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதில் புரளும், பூனைவணங்கி என்று ஒரு பெயர் அதனால்தான். எங்கள் பக்கத்துப் பூனை எண் 5-இன் குச்சியையே சாய்த்துவிட்டுப் போனது. குப்பைமேனி மருந்துச்செடி, நான் அதைக் கீரையாகச் சாப்பிடுவதில்லை. ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு இதைச் சாப்பிட்டதும் சிவப்பணுக்கள் உடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அந்தக் குறை தங்களுக்கு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. மருந்துச்செடி என்ற சொல்லே அதற்குச் சக்தி இருக்கிறது என்று சொல்கிறது, அதைச் சாப்பாட்டுக் கீரையோடு ஒரே கூடையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குப்பைக்கீரைக்குத் திரும்புகிறேன். பூக்கதிர் வருவதற்கு முன்னால், ஒரு முழம் உயரத்தில் நுனி நாலைந்து இலையோடு கிள்ளினால் பக்கக் கிளை விட்டு இரண்டு வாரத்தில் மறுபடி கிள்ளலாம், ஒரே செடியில் நான்கு முறை எடுத்தேன். முதல் முறை 300 கிராம் வந்தது, சமைத்ததும் ஒரு கிண்ணம். பூண்டு நசுக்கிப் போட்டு எண்ணெயில் வதக்கினேன். சுவையில் தோட்டத்தில் விதைத்து வளர்த்த எந்தக் கீரைக்கும் இது குறைந்ததில்லை, தண்டும் மிருதுவாக இருந்தது. இதன் முள்ளுள்ள உறவு முள்ளுக்கீரை, எண் 7. ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஜோடி முள், தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும். முள் இறுகுவதற்கு முன்னால் இளங்கீரையாக எடுத்தால் சாப்பிடலாம். ஒரு வாரம் தாமதித்துப் பறிக்கப்போய் கட்டைவிரலில் முள் ஏறி முறிந்து, இரண்டு நாள் வீங்கியிருந்தது. அதிலிருந்து கத்தரிக்கோலால் நுனியை மட்டும் வெட்டுகிறேன்.

இந்தக் கீரை இனத்தைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று ஆக்சலேட், உடம்பில் கால்சியத்தோடு சேர்ந்தால் சிறுநீரகக் கல் ஆகக்கூடிய பொருள், அதைப் பின்னால் சொல்கிறேன். இன்னொன்று நைட்ரேட். மண்ணில் நைட்ரஜன் கூடுதலாகக் கிடைத்தால் இந்தக் கீரை அதை நைட்ரேட்டாக உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்துக்கொள்ளும். யூரியா போட்ட பாத்தியின் ஓரத்தில் கொழுகொழுவென்று கரும்பச்சையாக நிற்கும் செடிதான் பார்க்க ஆசையாக இருக்கும், நான் அதை விட்டுவிட்டு உரம் படாத இடத்தில் நிற்பதைப் பறிக்கிறேன். சமைத்ததை வெளியில் மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவதும் இல்லை. நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும், கைக்குழந்தைகளுக்கு அது நல்லதல்ல.

அடுத்தது எண் 1, அம்மா முதல் நாள் கிள்ளிக்காட்டிய பருப்புக்கீரை. போர்ட்டுலாக்கா ஒலரேசியா. 1753-இல் லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர், ஒலரேசியா என்றாலே காய்கறித் தோட்டத்துக்கு உரியது என்று பொருள். நான் அதை வருடக்கணக்காகக் காய்கறித் தோட்டத்திலிருந்து பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். எறிந்தாலும் அது சாகாது என்பது வேறு விஷயம், தண்டில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் மண்மேல் கிடந்தபடியே விதையை முற்றவைத்துவிடும், ஈரம் பட்டால் மறுபடி வேர்விடும். களைக்கொத்தால் துண்டு துண்டாகக் கொத்தி நானே அதைப் பெருக்கியிருக்கிறேன்.

அடையாளம்: நடுவில் ஒரு வேர், அங்கிருந்து நாலாபக்கமும் தரையோடு ஓடும் சதைப்பற்றான வழுவழுத்த தண்டுகள், வெயிலில் சிவப்பு. இலை கரண்டிபோல, அடி ஒடுங்கி நுனி உருண்டு, கிளை நுனியில் கொத்தாகச் சேரும். மஞ்சள் பூ, காலை வெயிலில் சில மணி நேரம்தான் விரியும், மத்தியானம் போய்த் தேடினால் மூடியிருக்கும். அதனாலேயே முதல் மூன்று வாரம் இது பூக்கவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். காயை லென்ஸில் பார்த்தது இந்த ஏழு மாதத்தில் எனக்குப் பிடித்த காட்சிகளில் ஒன்று. சின்னக் குடுவை, மேலே தொப்பிபோல ஒரு மூடி, முற்றியதும் அந்த மூடி வட்டமாகக் கழன்று விழுகிறது, உள்ளே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய விதைகள் குவியலாக.

சரி, அம்மா "இது அது இல்லை" என்று காட்டியது? எண் 3. அதை உறுதிசெய்வதற்கு முன்னால் எண் 4-ஐ வைத்து ஒரு பாடம் நடந்தது. எண் 4, சிற்றம்மான் பச்சரிசி வகை, யூஃபோர்பியா. இதுவும் தரையோடு வட்டமாகப் படரும், தண்டு சிவந்திருக்கும், பருப்புக்கீரையின் நடுவில் அதன் கிளைபோலவே கலந்து வரும். ஆனால் தண்டு கம்பி மாதிரி மெலிந்தது, இலை சதைப்பற்றில்லாமல் தட்டையானது, எதிரெதிராக ஜோடியாக இருக்கும், தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சாப்பிடுவதற்கானதல்ல. அம்மா தண்டை ஒடித்துப் பார்த்தது இதற்குத்தான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன், பறிக்கும்போது ஒவ்வொரு தண்டாக ஒடித்துப் பார்ப்பது, தெளிந்த நீர் வந்தால் கூடைக்கு, பால் வந்தால் வெளியே.

அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பியதில்தான் தவறினேன். நான்காம் மாதம், பருப்புக்கீரை ஒரு சுற்று முடித்து விதைவிட்டுவிட்டது, விதிப்படி சாப்பிடலாம், முதல் பறிப்பு. ஒடித்து ஒடித்துப் பார்த்தேன், எதிலும் பால் இல்லை, கால் கிலோ சேர்ந்தது. கழுவும்போது ஒரு தண்டில் மட்டும் இலை ஜோடியில் ஒன்று பெரிதாகவும் எதிரில் இருப்பது அதில் பாதியாகவும் இருந்தது. லென்ஸை எடுத்துக் காம்படியைப் பார்த்தேன், காம்பு அகன்று சவ்வுபோல் தண்டைச் சுற்றி உறை போட்டிருந்தது, அந்த உறைக்குள் ஒரு வெளிர்ரோஸ் பூ ஒளிந்திருந்தது. எண் 3. சாரணை. கூடையை மறுபடி கொட்டிப் பார்த்தால் ஏழெட்டுத் தண்டு அதுதான். சாரணையும் சதைப்பற்றானது, ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும், என் சோதனை அதைப் பிடிக்கவே பிடிக்காது. அதன் தாவரவியல் பெயர் டிரையாந்திமா போர்ட்டுலாகாஸ்ட்ரம், அந்தப் பின்பாதிக்குப் பொருளே போர்ட்டுலாக்காவைப் போன்றது என்பதுதான், பெயர் வைத்தவர்களுக்கே இந்த முகச்சாயல் கண்ணில் பட்டிருக்கிறது. சாரணையின் இளந்தளிரைச் சமைப்பவர்கள் உண்டு. ஆனால் அதில் ஆக்சலேட் மிக அதிகம், முற்றின செடி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் நான் சேர்ப்பதில்லை. அன்றைக்குக் கூடை மொத்தத்தையும் உரக்குழியில் போட்டேன். பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சமைத்திருக்கலாம்தான், ஆனால் கழுவியதில் இலைகள் உதிர்ந்து கலந்துவிட்டன, உதிர்ந்த தனி இலையை வைத்து எனக்கு உறுதி சொல்ல வராது.

அதற்குப் பிறகு எந்தச் செடிக்கும் குறைந்தது நான்கு அடையாளம் சேர்ந்து வர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பருப்புக்கீரைக்கு: பால் இல்லை, தண்டு வழுவழுப்பு, காம்படியில் சவ்வு உறை இல்லை, மூடி வைத்த காய் அல்லது மஞ்சள் பூ. பூவும் காயும் இல்லாத இளஞ்செடியாக இருந்தால் அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே பூத்த செடியின் கிளையிலிருந்து பறிப்பேன். இப்போது கை பழகிவிட்டது, கால் கிலோ பறிக்க இருபது நிமிடம் ஆகிறது, முதலில் ஒரு மணி நேரம் ஆனது.

பறிக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது நான் நேரில் சோதித்துப் பார்த்தது. பருப்புக்கீரை தண்ணீர் குறைந்த நாட்களில் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேமித்து வைக்கும், பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கும். அப்படியானால் விடியலில் புளிப்பு கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையா? மழையில்லாத ஐந்து நாள் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, ஒரே செடியில் காலை ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி, மாலை ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி பறித்து உப்புகூடச் சேர்க்காமல் மென்று பார்த்தேன். காலையில் பறித்தது நாக்கைச் சுருக்கும் அளவுக்குப் புளித்தது, மாலையில் பறித்தது வெள்ளரிக்காய் மாதிரி சாந்தமாக இருந்தது. எந்தக் கீரை எது என்று சொல்லாமல் வீட்டில் மூன்று பேரிடம் கொடுத்தேன், மூன்று பேரும் காலையில் பறித்ததைச் சரியாக எடுத்துக்காட்டினார்கள். புளிப்பு வேண்டுமென்றால் காலையில் பறியுங்கள், வேண்டாமென்றால் மாலையில்.

சமைக்கும்போது கொஞ்சம் கொழகொழப்பு இருக்கும், அது பிடிக்காதவர்கள் சூடான கடாயில் மூடாமல் சீக்கிரம் வதக்கி எடுத்துவிடலாம். நூறு கிராமில் 93 கிராம் தண்ணீர்தான், அதனால் கூடை நிறையப் பறித்தாலும் தட்டில் கொஞ்சமாகத்தான் வரும். வெங்காயத்தோடு வதக்கியது நன்றாக இருந்தது, பருப்போடு கடைந்தது அதைவிட நன்றாக இருந்தது. இலைக்கீரைகளில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா 3 கொழுப்பு அதிகம் உள்ளவற்றில் இது ஒன்று.

இப்போது ஆக்சலேட். பருப்புக்கீரை, குப்பைக்கீரை, புளியாரை மூன்றிலும் இது கணிசமாக இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கீரைகள் பக்கம் போக வேண்டாம், இதை நான் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் அளவு வேண்டும். ஆக்சலேட்டில் தண்ணீரில் கரைவது ஒரு பகுதி, கால்சியத்தோடு சேர்ந்து கரையாமல் நிற்பது ஒரு பகுதி. நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, கீரையைப் போட்டு, ஐந்து நிமிடம் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையும் பகுதியில் நல்ல அளவு போய்விடும், நைட்ரேட்டும் குறையும். சத்தும் கொஞ்சம் போகத்தான் செய்யும். கூடவே பால், தயிர் போல கால்சியம் உள்ள ஏதாவது சேர்த்துச் சாப்பிட்டால் ஆக்சலேட் குடலிலேயே பிணைந்து வெளியேறும் அளவு கூடும். நான் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எடுப்பதில்லை, எடுக்கும் நாளிலும் ஒரு கிண்ணம்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேலை மாறும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே காரணம், அவர்களும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

புளியாரை சுலபம். மூன்று இதய வடிவச் சிற்றிலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ, நட்டுக்கொண்டு நிற்கும் ஒல்லிக் காய், தொட்டால் விதை தெறிக்கும். சாயங்காலம் இலை மடிந்து தூங்கும். குளோவர் செடியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, அதன் சிற்றிலை முட்டை வடிவம், நுனியில் இந்த ஆழமான வெட்டு கிடையாது. ஒரு சிட்டிகை அளவு புளிப்புக்காக மேலே தூவிச் சாப்பிடுவதற்கு மட்டும்தான் எடுக்கிறேன், கீரையாக அள்ளிச் சமைப்பதில்லை. அந்தப் புளிப்பே ஆக்சாலிக் அமிலம்தான். மீந்ததை வைத்துப் பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், பளிச்சென்று வந்துவிட்டது.

மணத்தக்காளி பறவை போட்ட விதையில் வேலியோரம் தானாக வந்தது, எண் 8. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தக் கூம்பு, ஒரே காம்பிலிருந்து குடைபோல நாலைந்து காய். காய் பச்சையாக இருக்கும்போது சொலானின் என்ற நச்சு இருக்கிறது, அதைச் சமையல் சூடு போக்காது, அதனால் பச்சைக் காயை வீட்டுப் பிள்ளைகள் பறித்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்கிறேன். கருத்து முற்றி, தொட்டால் கழன்று வரும் பழத்தை மட்டும் எடுக்கிறோம், இளம் இலையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் சாப்பிடுகிறோம். குளிர்ப் பகுதிகளில் இருப்பவர்கள் பெல்லடோனா என்ற கொடிய செடியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதில் பழம் கொத்தாக வராது, ஒற்றையாக, ஐந்து மடல் விரிந்த பச்சைப் புல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும், பூ மணி வடிவில் ஊதா சாயலில் இருக்கும்.

எண் 10 மூக்கிரட்டை. இதுவும் படரும், இதிலும் இலை ஜோடியில் ஒன்று பெரிது ஒன்று சிறிது, அதனால் முதலில் சாரணை என்றே எழுதி வைத்திருந்தேன். பூ வந்ததும் தெளிந்தது. நீண்ட மெல்லிய காம்புகளின் நுனியில் கடுகளவு கருஞ்சிவப்புப் பூக்கள் நிற்கும், இலையின் அடி வெளுத்திருக்கும், காய் துணியில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கப் போனால் முள்ளங்கி போலத் தடித்த வேர் உள்ளே இறங்கியிருக்கும். இளந்தளிரை மற்றக் கீரையோடு ஒரு கைப்பிடி சேர்த்துச் சமைத்தோம், லேசான கசப்பு. இது சிறுநீரைக் கூட்டும் தன்மையுள்ளது, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் என் அண்ணனுக்குப் பரிமாறவில்லை.

கானாவாழையும் இருந்தது, நீலப் பூ ஒரு நாளைக்கு மேல் நிற்காது, மண்ணுக்கு அடியிலும் விரியாத பூக்களை வைத்து விதை கட்டும் என்று படித்துவிட்டுத் தோண்டிப் பார்த்தேன், நிஜமாகவே வெளுத்த கிளையில் இருந்தன. சமைத்தால் சுவை என்று சொல்ல ஒன்றுமில்லை, இளசாக இருந்தால் மற்றக் கீரையோடு போகும்.

எண் 11 ஊமத்தை. நாலைந்து இலையில் நிற்கும்போது அது கீரை நாற்றுகளுக்கு நடுவே அப்பாவியாகத்தான் நிற்கிறது. இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட நாற்றம் வரும், அப்புறம் பெரிய ஊதுகுழல் பூவும் முள்ளுக்காயும் வந்தால் யாருக்கும் தெரியும். ஆனால் பறிக்கும் பருவத்தில் பூ இருக்காதே. அதில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் என்ற இரண்டு நச்சுகளையும் வேகவைத்துப் போக்க முடியாது. கீரையோடு இரண்டு இலை கலந்தால் போதும், வாய் வறண்டு, கண்மணி விரிந்து, புத்தி தடுமாறி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஒரு மாதிரி உலர்த்தி வைத்துக்கொண்டு, மற்றதைக் கையுறை போட்டு வேரோடு எடுத்தேன். கொஞ்சம் தின்று பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால் நல்ல செடி என்று முடிவு செய்யலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை ஊமத்தையை நேரில் பார்த்த பிறகு என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நாக்கு விஷத்தைச் சொல்லாது. அடையாளம் முதலில் முடிந்திருக்க வேண்டும், வாய் அதற்குப் பிறகுதான்.

அடையாளம் முடிந்த செடியையும் முதல் தடவை ஒரு ஸ்பூன் அளவு சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், அன்றைக்கு வேறு புதுக் கீரை எதுவும் கிடையாது, அடுத்த நாள்வரை பார்த்துவிட்டு அளவைக் கூட்டுவோம். இது ஒவ்வாமைக்காக மட்டும். சமைக்காத ஒரு கிளையைப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பேன். யாருக்காவது ஏதாவது ஆனால் மருத்துவரிடம் வாயால் விளக்குவதைவிட அந்தக் கிளையைக் காட்டுவது பல மடங்கு பயன்படும்.

எங்கே பறிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்ட் உதிரும் சுவரோரம் (பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்), கழிவுநீர் ஓடும் இடம், நாய் வந்து நிற்கும் மூலை, களைக்கொல்லி அடித்த பக்கம். கழிவுநீர் வாய்க்காலோரம் பொன்னாங்கண்ணி அவ்வளவு செழிப்பாக நிற்கிறது, ஆனால் அந்த நீரில் வரும் கன உலோகங்களை அது இலையில் சேர்த்துக்கொள்ளும், கழுவினால் போகாது. தண்டை மட்டும் கொண்டுவந்து நல்ல மண்ணில் ஊன்றி, அதிலிருந்து புதிதாக வந்த தளிரைத்தான் எடுக்கிறேன். கழுவுவது மூன்று தண்ணீரில், அகலமான பாத்திரத்தில். கீரையைத் தூக்கி எடுக்க வேண்டும், தண்ணீரைச் சாய்க்கக் கூடாது, சாய்த்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி கீரையிலேயே விழும். இலைக்கடியில் சின்ன நத்தைக்குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், நத்தை வழியாக வரும் புழுத்தொற்று மூளைவரை போகக்கூடியது. மழைக்காலத்தில் நான் எதையும் பச்சையாகச் சாப்பிடுவதில்லை.

கணக்கு பார்த்தால் ஏழு மாதத்தில் அந்தச் சதுரத்திலிருந்தும் அதைச் சுற்றியும் சுமார் ஒன்பது கிலோ கீரை நோட்டில் எழுதியிருக்கிறேன், பாதிக்கு மேல் குப்பைக்கீரை. ஒரு தடவைகூட விதைக்கவில்லை, தண்ணீரும் தனியாக விடவில்லை. அடுத்த பருவத்துக்குத் தக்காளிப் பாத்தி வேறு பக்கம் போகிறது, இந்தச் சதுரம் இப்படியே இருக்கும், அம்மாவுக்காக ஓரத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன்.

எண் 9 மட்டும் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. எதிரடுக்கு இலை, மெல்லிய ரோமம், நான்கு பட்டைத் தண்டு, கசக்கினால் லேசான வாசம். அம்மாவிடம் காட்டினேன், ஒடித்து முகர்ந்துவிட்டு, "எனக்கும் தெரியலைடா, பூக்கட்டும்" என்றார். நேற்று நுனியில் மொட்டு மாதிரி ஒன்று தெரிந்தது. குச்சியை மாற்றி, எண்ணை மறுபடி பென்சிலால் அழுத்தி எழுதிக் குத்திவிட்டு வந்தேன்.